கண்ணாடிப் பேழையிற் கடலைக் காத்தவர்

கடல்நீரை ஒரு பாத்திரத்தில் அள்ளுதல் எளிது. அதனைக் கடலாகவே வைத்திருத்தல் அரிது. கரையில் அள்ளியபோது பளிங்கெனத் தெளிந்திருந்த நீர் இரண்டொரு நாளிற் கலங்கும்; பின்னர் நாற்றமெடுக்கும்; அதனுள் விடப்பட்ட உயிர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் கடலுயிர்களை வீட்டில் வைத்துக் காண விரும்பியோர் பெரும்பாலார்க்கு நேர்ந்த கதி இதுவே. அந்நிலையை மாற்றி, கடலின் சிறு துண்டொன்றைச் சாதாரண மனிதனின் வீட்டு மேசைமீது உயிருடன் நிறுத்தலாம் என மக்களுக்குக் கற்பித்தவர் பிலிப் ஹென்றி கொஸ் என்னும் ஆங்கிலேயர். இன்று உலகெங்கும் வழங்கும் 'அக்குவேரியம்' என்ற பெயரை இப்பொருளில் நிலைபெறச் செய்தவரும் அவரே. அவருடைய வாழ்வில் வெற்றியும் தோல்வியும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தன என்பதே நாம் ஈண்டு அறியத்தக்கது.

கொஸ் 1810 ஆம் ஆண்டு ஏப்ரல் 6 ஆம் திகதி இங்கிலாந்தின் வூஸ்டர் நகரிற் பிறந்தார். தந்தையார் ஊர் ஊராகச் சென்று சிற்றோவியம் தீட்டிப் பிழைத்தவர். செல்வம் குடும்பத்தை அண்டியதில்லை. பூல் என்னும் துறைமுகப் பட்டினத்திற் சிறுவன் வளர்ந்தான். தந்தையாரிடமிருந்து தூரிகையையும், இயற்கையில் ஈடுபாடு மிக்க அத்தையாரிடமிருந்து உயிர்களை உற்றுநோக்கும் பழக்கத்தையும் அவன் பெற்றான். துறைமுகத்துக் கற்களில் ஒட்டி மலர்போல் விரியும் கடற்சாமந்திகளை அவனுக்கு முதலிற் காட்டியவர் அவ்வத்தையாரே.

பதினேழாம் வயதில், 1827 இல், அவர் நியூபவுண்லாந்துத் தீவின் காபனியர் என்னும் ஊருக்கு வணிக நிலையமொன்றின் எழுத்தராகச் சென்றார். கணக்கேடுகளுக்கிடையே எட்டாண்டுகள் கழிந்தன. 1832 இல் நுணுக்குக்காட்டியைப் பற்றிய பழைய நூலொன்றை விலைக்கு வாங்கினார். அன்றுதொட்டு இயற்கை ஆராய்ச்சியே அவர் வாழ்வின் நோக்கமாயிற்று. 1835 இற் கனடாவிற் கமம் செய்யப் புகுந்தார், அது பலிக்கவில்லை. 1838 இல் அமெரிக்காவின் அலபாமா நாட்டுப்புறத்தில் ஆசிரியராக இருந்தார். அங்கு கண்ட அடிமைமுறையை அவருள்ளம் ஏற்கவில்லை. வெறுங்கையராய் 1839 இல் தாயகம் மீண்டார். ஆயினும் அக்கையிற் குறிப்பேடுகளும் ஓவியங்களும் இருந்தன. அவற்றிலிருந்து 1840 இல் முதல் நூல் வெளிவந்தது. 1844 இல் ஜமேக்காவுக்குச் சென்று ஒன்றரை ஆண்டுகள் பறவைகளையும் பூச்சிகளையும் ஆராய்ந்து திரும்பினார். 1848 இல் எமிலி போவ்ஸ் என்னும் எழுத்தாளரை மணந்தார். அடுத்த ஆண்டில் எட்மண்ட் என்னும் ஒரே மகன் பிறந்தான்.

ஓயாத எழுத்துவேலை உடலை வருத்தியது. 1852 இன் தொடக்கத்தில் கொஸ், ஓய்வை நாடித் தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் கடற்கரைக்குக் குடும்பத்துடன் சென்றார். ஓய்வு எடுத்தாரோ இல்லையோ, வற்றுக்காலத்திற் பாறைகளுக்கிடையே தேங்கிய குட்டைகளில் முழங்காலளவு நின்று அவர் கண்டவை அவரை வேறொரு வேலையில் ஆழ்த்தின. இக்குட்டைகளைக் கண்ணாடிக்குள் அமைத்தால் என்ன என்பதே அவருள் எழுந்த வினா.

கண்ணாடித் தொட்டியிற் கடலுயிர்களை ஆராய்ந்தோர் அவருக்கு முன்னும் இருந்தனர். பிரெஞ்சு மாதரசியான ஜான் வில்ப்ரூ பவர் 1832 அளவிலேயே சிசிலித் தீவின் மெசினாவில் அத்தகைய தொட்டிகளை அமைத்தார். இலண்டன் இரசாயன அறிஞர் ரொபேட் வாரிங்டன் இரண்டு பொன்மீன்களையும் ஒரு நீர்க்கொடியையும் ஒரே தொட்டியில் வைத்து, தாவரம் வெளியிடும் ஒட்சிசனை விலங்கும், விலங்கு வெளியிடும் காபனீரொட்சைட்டைத் தாவரமும் பயன்கொள்வதைச் சோதித்தார். அச்சோதனையும் முதலில் இடறிற்று. கொடியின் இலைகள் அழுகி நீரைக் கெடுத்தன. அழுகலைத் தின்னும் நத்தைகளை அவர் விட்டார், நீர் தெளிந்தது. இதனை 1850 இல் அவர் வெளியிட்டார். மீனும் கொடியும் மாத்திரம் போதா, துப்புரவு செய்யும் மூன்றாவது உயிரும் வேண்டும் என்ற உண்மை அத்தோல்வியினாலே புலனாயிற்று.

நன்னீரிற் கண்ட இவ்வுண்மையைக் கடல்நீரிற் கொஸ் சோதித்தார். வேர்போற் கல்லைப் பற்றிநிற்கும் கடற்பாசியை அக்கல்லோடு பெயர்த்தெடுத்துத் தொட்டியில் இட்டார்; பறித்த பாசி அழுகும், கல்லோடு வந்தது வாழும் என அனுபவத்திற் கண்டார். பின்னர் நண்டு, கடற்சாமந்தி, சிறுமீன் ஆகியவற்றை விட்டார். அவை வாரக்கணக்கில் வாழ்ந்தன. 1853 மே மாதத்தில் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையிற் பொதுமக்களுக்கான முதலாவது மீனகம் திறக்கப்பட்டபோது அதற்கு உயிர்களைத் திரட்டி உதவியவர்களுள் கொஸ் முதன்மையானவர். அடுத்த ஆண்டில் 'அக்குவேரியம்' என்ற நூல் அவர் கையாலே தீட்டிய வண்ணப்படங்களுடன் வெளிவந்தது. அதற்குமுன் நீர்த்தாவரம் வளர்க்கும் தொட்டிக்கு வழங்கிய அச்சொல், அதன்பின் நீருயிர்கள் வாழும் கண்ணாடிப் பேழைக்கு உரியதாயிற்று.

கடலுக்கு நெடுந்தொலைவில் வாழ்வோர் என் செய்வது? அதற்கும் கொஸ் வழி கண்டார். கறியுப்பு மூன்றரை அவுன்சு, பேதியுப்பு கால் அவுன்சு, மகனீசியங் குளோரைட்டு 200 கிரெயின், பொற்றாசியங் குளோரைட்டு 40 கிரெயின்; இவற்றை ஒரு கலனுக்குச் சற்றுக் குறைந்த நீரில், அதாவது ஏறத்தாழ நாலரை லீற்றரிற் கரைக்க வேண்டும். கரைத்தவுடன் உயிர்களை விடுதல் கூடாது. முதலிற் பாசி படர்ந்த கற்களை இட்டு ஒரு வாரமளவு பொறுத்திருக்க வேண்டும். 1854 இல் இவ்வாறு ஆக்கிய செயற்கைக் கடலில் உயிர்கள் வாழக் கண்டபின்பே அவர் அம்முறையை வெளியிட்டார்.

தொட்டியை அமைப்பது ஒரு நாள் வேலை. அதனைப் பேணுவது நாள்தோறும் உள்ள கடமை. 1855 இல் அவர் எழுதிய கைந்நூல் இக்கடமைக்கே பெரிதும் இடமளித்தது. காலையில் தொட்டியருகே சென்றதும் இறந்தது எது எனத் தேடவேண்டும். கல்லடியில் ஒளிந்து மடிந்த ஒரு சிப்பி போதும், இரண்டு நாளில் முழுத்தொட்டியையும் நஞ்சாக்க. வெயில் மிகுந்தால் நீர் பசுமை பூண்டு கலங்கும். சாளரத்திற்குத் திரையிட வேண்டும். கண்ணாடியிற் படியும் பாசியைக் கடற்பஞ்சினால் துடைக்கலாம்; பாறையைச் சுரண்டி மேயும் சிறுநத்தைகள் அவ்வேலையை இன்னும் செம்மையாகச் செய்யும். நீர் ஆவியாகிக் குறைந்தால் அதற்கீடாக நன்னீரையே ஊற்றவேண்டும்; ஏனெனில் ஆவியாவது நீர் மாத்திரமே, உப்பு தொட்டியிலே தங்கிவிடுகிறது. நீர் சோர்ந்து, உயிர்கள் மேற்பரப்பை நாடி வந்தால் காற்றூட்ட வேண்டும். மின்விசை இல்லாத அக்காலத்தில் மேலே தொங்கவிட்ட பாத்திரத்திலிருந்து துளித்துளியாக நீரை விழச் செய்தும், பீச்சாங்குழலால் நீரை உறிஞ்சி மீண்டும் பீச்சியும் காற்றைக் கலந்தனர்.

தொட்டியே கெடுதல் விளைத்ததும் உண்டு. கண்ணாடித் தகடுகளைப் பொருத்திய பட்டியில் ஈயம் கலந்திருப்பின் அது நீரிற் கசிந்து உயிர்களைக் கொல்லும். ஆகவே புதிய தொட்டியைப் பலநாள் நீர்நிரப்பி ஊறவிட்டு, அந்நீரைக் கொட்டிய பின்பே பயன்படுத்த வேண்டியிருந்தது. உப்புநீர் பட்ட இரும்பு துருவேறும், செம்பு நஞ்சாகும். கருவிகளுள் எதுவும் கவனத்துக்கு ஈடாகவில்லை.

தாவரமும் விலங்கும் ஒன்றையொன்று தாங்குகின்றன என்றே கொஸ்ஸும் அவர் காலத்தவரும் கருதினர். அது பாதி உண்மை. உயிர்களின் கழிவிலிருந்து பிறக்கும் அமோனியாவைப் படிப்படியாகத் தீமை குறைந்த நைத்திரேற்றாக மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் குடியிருக்கின்றன என்பது, கொஸ் மறைந்தபின், 1890 அளவில் ருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கியின் ஆராய்ச்சியாலேயே தெளிவாயிற்று. எனினும், பொறுத்திருத்தல், உயிர்களைச் சிலவாக விடுதல், இறந்ததை உடனே அகற்றுதல், பழகிய நீரை வீணே கொட்டாதிருத்தல் என அவர் வகுத்த விதிகள் அந்நுண்ணுயிர்களையும் அறியாமலே காத்தன. காரணம் தெரியாதிருந்தும் கண் பிழைக்கவில்லை.

இங்கிலாந்து முழுவதும் மோகம் பற்றிக்கொண்டது. 1845 இற் கண்ணாடிவரி நீக்கப்பட்டமையால் தொட்டிகள் மலிந்தன. புகைவண்டி கடற்கரையை அண்மையாக்கிற்று. இலண்டனில் அல்போர்ட் லொயிட் என்பவர் தொட்டிகளும் கடல்நீரும் உயிர்களும் விற்கும் கடையையே திறந்தார். ஆனால் வாங்கியோர் பலர் நூலின் வண்ணப்படங்களைப் பார்த்தனரேயன்றி விதிகளைப் படிக்கவில்லை. ஒரு சாடியில் இருபது உயிர்களை நெருக்கினர், வெயிலில் வைத்தனர், சில நாள் மறந்தனர். நீர் நாறிற்று. 1868 இல் வூட் என்ற இயற்கை நூலாசிரியர், பத்துத் தொட்டிகளில் ஒன்பது கைவிடப்பட்டன என்று எழுதவேண்டிய நிலை வந்தது. அத்தோல்விகளிலிருந்து பாடங்கற்ற லொயிட், 1871 இல் இலண்டன் பளிங்கு மாளிகை மீனகத்தில், காட்சித் தொட்டிகளைவிடப் பன்மடங்கு பெரிய இருண்ட நீர்த்தேக்கத்தைக் கீழே அமைத்து, இயந்திரத்தால் நீரை இடையறாது சுழலச் செய்தார். இன்றைய வீட்டுத்தொட்டியின் நீரிறைக்கும் வடிகட்டி அவ்வமைப்பின் வழித்தோன்றலே.

கொஸ்ஸின் வீட்டிலோ துயர் புகுந்தது. 1857 பெப்ரவரியில் எமிலி புற்றுநோயால் மறைந்தார். அதே ஆண்டில் அவர் 'ஓம்பலோஸ்' என்ற நூலை வெளியிட்டார். உலகம் படைக்கப்பட்டபோதே பழமையின் தடயங்களுடன் படைக்கப்பட்டது என வாதித்து, தாம் உறுதியாகப் பற்றிய சமய நம்பிக்கையையும் நிலவியற் சான்றுகளையும் இணைக்க அவர் முயன்றார். விஞ்ஞானிகளும் ஏற்கவில்லை, சமயத்தவரும் ஏற்கவில்லை. விற்காத பிரதிகள் பழங்கடதாசியாயின. மனமுடைந்த அவர் மகனுடன் டெவனிலுள்ள சென் மேரிசேர்ச் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்து மீண்டும் கடற்குட்டைகளை நாடினார். பிரித்தானியக் கடற்சாமந்திகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 1860 இல் நிறைவெய்தியது. அவ்வாண்டிலேயே எலைசா பிரைட்வென் என்பவரை மறுமணம் செய்தார். 1888 ஓகத்து 23 ஆம் திகதி அவர் உயிர் நீத்தார்.

ஆயினும் அவரை வாட்டிய மற்றொரு துயருண்டு. அவர் நூலைப் படித்தவர்கள் உளியும் கூடையும் ஏந்திக் கூட்டங்கூட்டமாகக் கடற்கரைக்கு வந்தனர். பாறைகளைப் பெயர்த்தனர்; குட்டைகளை வெறுமையாக்கினர். தொட்டியில் மடிந்தவற்றுக்குப் பதிலாக மீண்டும் வந்து அள்ளினர். மனிதக் கை படாது யுகயுகமாய் நிலைத்த அப்பாறைத் தோட்டங்கள் சில ஆண்டுகளிற் பாழாயின. படைப்பை வழிபாட்டுணர்வோடு நோக்கிய தந்தையாருக்குத் தம் நூல்களே இவ்வழிவுக்கு வழிவகுத்தன என்பது பெரும் வேதனையாயிற்று என, மகன் எட்மண்ட் கொஸ் 1907 இல் வெளியிட்ட 'தந்தையும் மகனும்' என்ற நூலிற் பதிவு செய்துள்ளார்.

பேழைக்குள் வாழும் உயிர்கள் எத்தனை என்று எண்ணி, அதற்குமேல் ஒன்றையும் விடாதவர் கொஸ். பேழையை நிரப்பக் கடற்கரைக்கு வரும் கைகள் எத்தனை என எண்ணுவார் அன்று ஒருவருமிலர். இன்று வீட்டில் மீன் வளர்ப்போரிடம் வடிகட்டியும் காற்றுப்பம்பியும் உண்டு. மின்சாரம் நின்றால் அவையும் நிற்கும். அப்போது ஒரு குவளையால் நீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றும் கை வேண்டும். வடிகட்டியின் பஞ்சைக் குளோரீன் கலந்த குழாய்நீரிற் கழுவினால் அதிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் மாளும்; தொட்டியிலிருந்தே எடுத்த நீரில் அலசும் பொறுமை வேண்டும். கருவி புதியது, கடமை பழையது. மடிந்த மீனுக்கு மாற்றாக இன்னொன்றை வாங்கப் புறப்படுமுன், முதலாவது ஏன் மடிந்தது என ஒரு கணம் நின்று பார்ப்போமாயின், கொஸ் கைந்நூலெழுதிய நோக்கம் நம் வீட்டிலேனும் நிறைவேறியதாகும்.