டிராக்டர் செய்தவர் கார் செய்தார்

ஆழ்வார்திருநகரி வயலில் உழும் டிராக்டருக்கும், கோடீசுவரர் ஓட்டும் காருக்கும் என்ன தொடர்பு? இத்தாலி நாட்டு விவசாயி மகன் ஒருவரின் வாழ்க்கையில் தொடர்பு உண்டு.

அவர் பெயர் பெருச்சியோ லம்போர்கினி. 1916-ம் ஆண்டு பிறந்தார். உலகப் போர் முடிந்ததும், ராணுவம் கழித்த வண்டிகளின் உறுப்புகளைக் கொண்டு டிராக்டர் செய்தார். பணம் குவிந்தது. பெராரி கார் வாங்கினார்.

அதன் 'கிளட்ச்' அடிக்கடி கெட்டது. குறை சொல்லப் போனவரை என்சோ பெராரி அவமதித்து அனுப்பினார் என்று ஒரு கதை உண்டு. 1963-ல் லம்போர்கினி சொந்தக் கார் தொழிற்சாலை தொடங்கினார். மறு ஆண்டே '350 ஜி.டி.' வெளிவந்தது.

அக்காலப் பெராரி '250 ஜி.டி. லூசோ'. இரண்டு கார்களுக்கும் 12 சிலிண்டர். பெராரிக்கு 4 கியர், லம்போர்கினிக்கு 5. பெராரியின் பின்சக்கரங்கள் ஒரே அச்சில் பிணைந்தவை. லம்போர்கினியின் நான்கு சக்கரங்களும் தனித்தனியே மேடுபள்ளம் தாங்கும்.

ஆனால், பந்தயங்களில் வென்ற பெயர் பெராரிக்கே. பழைய கார் சேகரிப்போர் அந்தப் பெயருக்குத்தான் அதிக விலை கொடுக்கிறார்கள்.

1970-களில் லம்போர்கினி கார் தொழிலை விட்டார். திராட்சைத் தோட்டம் போட்டார். 1993-ல் காலமானார். உழவர் வீட்டில் பிறந்தவர், உழவராகவே கண்மூடினார்.