நிறம் வரத் தாமதித்த சோதனை: எல்லாப்பிரகட சுப்பாராவின் வாழ்வும் ஆய்வக அளவீட்டுப் பிழையும்

தென்காசி மாவட்டத்தில் நெடுநாள் நோய்க்குச் சிகிச்சை பெறுவோர் பலர், ஒரே பரிசோதனையைத் தென்காசியிலும் திருநெல்வேலியிலும் சிலவேளை திருவனந்தபுரத்திலும் செய்துகொள்கின்றனர். அறிக்கைகளில் உள்ள எண்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. எதை நம்புவது என்ற குழப்பத்தில் சிலர் மருத்துவரைக் கேளாமலே மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். வேறு சிலர் அளவைக் கூட்டிக்கொள்கின்றனர். இரண்டும் ஆபத்தானவை. ஒரு சோதனையின் எண் எவ்வாறு பிறக்கிறது, அதில் பிழை எவ்வழியே நுழைகிறது என்பதை அறிந்தால் இக்குழப்பம் பெருமளவு நீங்கும். அதை விளக்குவதற்கு, சென்னையில் மருத்துவம் பயின்று அமெரிக்காவில் மறைந்த டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவின் வாழ்க்கையைவிடப் பொருத்தமானது வேறில்லை எனலாம்.

சென்னையில் கழிந்த இளமை

சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று, அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். படிப்பில் தொடக்கத்தில் தடுமாறினார். மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாம் முயற்சியில்தான், சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடையுடன் அறுவை சிகிச்சைக் கூடத்திற்கு வந்தது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்கு எழுதியும் முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. அதனால் அரசு மருத்துவப் பணி கைகூடவில்லை. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் ஆசிரியராகச் சேர்ந்தார்.

அக்காலத்தில் அவர் குடும்பத்தை ஒரு நோய் தாக்கியது. வெப்பமண்டல ஸ்ப்ரூ என்பது சிறுகுடலின் உறிஞ்சும் திறனைக் குலைக்கும் நோய். தீராத வயிற்றுப்போக்கு, நாக்குப்புண், உடல்மெலிவு, கடும் இரத்தசோகை ஆகியவை அதன் அறிகுறிகள். அவருடைய உடன்பிறந்தோர் இருவர் சில நாட்கள் இடைவெளியில் இந்நோய்க்குப் பலியாயினர். அவருக்கும் அந்நோய் கண்டது. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையில் அவர் பிழைத்தார். இந்நோயில் குறைந்துபோகும் பொருள் எது என்று அப்போது எவருக்கும் தெரியாது.

1920களின் தொடக்கத்தில், அறக்கட்டளை உதவியும் மாமனார் தந்த பணமும் கொண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் பயின்றபோது, வயிற்றுப்பாட்டிற்காக ஒரு மருத்துவமனையில் இரவு நேரக் கடைநிலைப் பணி செய்தார். பட்டயம் பெற்றபின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பாரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். தாயகத்திற்கு அவர் மீண்டும் திரும்பவேயில்லை.

நீல நிறமும் அதன் தாமதமும்

ஃபிஸ்க் அவருக்குக் கொடுத்த வேலை, இரத்தத்திலும் திசுக்களிலும் பாஸ்பேட்டை அளக்க நம்பகமான முறை ஒன்றைக் கண்டறிவது. புரதம் நீக்கிய சாற்றில் அமிலமும் மாலிப்டேட் உப்பும் சேர்த்தால், அதிலுள்ள பாஸ்பேட் மாலிப்டேட்டுடன் இணையும். பிறகு ஆக்சிஜன் ஒடுக்கும் பொருள் ஒன்றைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். நீலம் அடர்ந்தால் பாஸ்பேட் மிகுதி, வெளிறினால் குறைவு. பாஸ்பேட் அளவு முன்பே தெரிந்த ஒரு கரைசலின் நிறத்தோடு ஒப்பிட்டு எண்ணைக் கணக்கிடுவர். அதுவரை இருந்த முறைகளில் நிறம் மெதுவாகவே வந்தது. ஃபிஸ்க்கும் சுப்பாராவும் வேறோர் ஒடுக்கும் பொருளைப் புகுத்தி, சில நிமிடங்களில் நிறம் முழுமை பெறச் செய்தனர். 1925இல் வெளியான அந்த முறை அவ்விருவர் பெயராலேயே பல பத்தாண்டுகள் உலகெங்கும் உள்ள ஆய்வகங்களில் கையாளப்பட்டது.

ஆனால் தசைச் சாற்றில் அம்முறை ஒழுங்காக நடக்கவில்லை. ஒப்பீட்டுக் கரைசல் சில நிமிடங்களில் முழு நீலமாகி நின்றுவிடும். தசைச் சாறு வெளிறிய நீலத்தில் தொடங்கி, நேரம் செல்லச் செல்ல அடர்ந்துகொண்டே போகும். உடனே அளந்தால் ஓர் எண். அரைமணி கழித்து அளந்தால் அதைவிடப் பெரிய வேறோர் எண்.

இத்தகைய நிலையில் ஆய்வகங்களில் வழக்கமாக நடப்பது, ஒரு குறிப்பிட்ட நேரத்தை முடிவுசெய்து எல்லா மாதிரிகளையும் அதே நேரத்தில் அளப்பது. அவ்வாறு செய்தால் எண்கள் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தும். அறிக்கையும் தடையின்றி வெளியாகும். ஃபிஸ்க்கும் சுப்பாராவும் அவ்வழியில் செல்லவில்லை. தாமதத்திற்குக் காரணம் தேடினர். தசையில் பாஸ்பேட்டின் பெரும்பகுதி தனித்து இருப்பதில்லை; கிரியேட்டின் என்னும் பொருளோடு பிணைந்து, எளிதில் உடையும் சேர்மமாக இருக்கிறது என்பது தெளிவாயிற்று. சோதனைக் குழாயில் ஊற்றும் அமிலமும் மாலிப்டேட்டுமே அந்தப் பிணைப்பை மெல்ல உடைத்துப் பாஸ்பேட்டை விடுவித்தன. சுருங்கச் சொன்னால், அளக்க வந்த பொருளைச் சோதனையே உருவாக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சேர்மமே பாஸ்போகிரியேட்டின். 1927இல் இவ்வுண்மை வெளியாயிற்று. அதே காலத்தில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியரும் தனியாக இதே பொருளை எட்டியிருந்தனர்.

பழைய மெதுவான முறைகளில் இது ஏன் தென்படவில்லை என்பதையும் நோக்க வேண்டும். அம்முறைகளில் நிறம் வருவதற்குள்ளேயே சேர்மம் உடைந்துவிடும். எனவே தாமதம் கண்ணில் படாது. எத்தனை முறை செய்தாலும் ஒரே எண்தான் வரும். அந்த எண் தவறானது. ஆயினும் மாறாமல் வந்ததால் அனைவரும் நம்பினர். அளவீட்டுப் பிழைகளில் இதுவே கொடியது. முன்னும் பின்னும் சிதறும் பிழையைச் சோதனையைத் திரும்பச் செய்து கண்டுகொள்ளலாம். ஒரே பக்கமாகச் சாயும் பிழையைத் திரும்பச் செய்வதால் காண இயலாது. வேறொரு முறையால் அளந்தால்தான் அது வெளிப்படும்.

இதன் விளைவு சிறிதன்று. தசை சுருங்குவதற்கான ஆற்றல் லாக்டிக் அமிலம் உருவாவதால் கிடைக்கிறது என்ற கருத்து அன்று நிலைபெற்றிருந்தது. தசை ஆய்வுக்காக ஹில், மேயர்ஹாஃப் ஆகிய இருவருக்கும் 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு வழங்கப்பட்டிருந்தது. தசை உழைக்கும்போது பாஸ்போகிரியேட்டின் குறைகிறது, ஓய்வில் மீண்டும் நிரம்புகிறது என்ற செய்தியும், 1930இல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்ட் செய்த ஆய்வும் சேர்ந்து அக்கருத்தை மாற்றின.

உங்கள் இரத்த மாதிரியில் இது எவ்வாறு பொருந்தும்?

பாஸ்பேட்டும் பொட்டாசியமும் இரத்தச் சிவப்பணுக்களுக்குள் மிகுதியாக உள்ளன. எடுத்த இரத்தம் நெடுநேரம் பிரிக்கப்படாமல் கிடந்தாலோ, அணுக்கள் உடைந்தாலோ, அவை வெளியே கசியும். உடலில் இயல்பாக இருக்கும் அளவு அறிக்கையில் உயர்வாகக் காட்டப்படும். சிறுநீரக நோயாளிக்கு இது தேவையற்ற அச்சத்தைத் தரும். சர்க்கரையோ எதிர்த்திசையில் செல்லும்: சாதாரணக் குழாயில் பிரிக்காமல் வைத்தால், அணுக்களே அதை உட்கொண்டு மணிக்கு சுமார் 5 முதல் 7 விழுக்காடு வரை குறைக்கும். அதனால்தான் சர்க்கரைக்கு ஃபுளோரைடு கலந்த சாம்பல் நிற மூடிக் குழாய் தரப்படுகிறது. வீட்டிற்கு வந்து இரத்தம் எடுக்கும் வசதி இப்போது பரவலாக உள்ளது. குற்றாலத்தில் காலையில் எடுத்த மாதிரி, வெயிலில் வண்டியிலேயே சுற்றிவிட்டு நண்பகலில் தென்காசி ஆய்வகத்தைச் சேர்ந்தால், அந்த எண்ணில் பயணமும் கலந்திருக்கும். மாதிரி எப்போது எடுக்கப்பட்டது, எப்போது ஆய்வகத்தை அடைந்தது என்று கேட்பது நோயாளியின் உரிமை. முடி வளர்வதற்காக உட்கொள்ளும் பயோட்டின் மாத்திரை, சில தைராய்டு சோதனைகளின் முடிவையே திரித்துவிடும். அதை உட்கொள்வோர் இரத்தம் கொடுக்குமுன் தெரிவிக்க வேண்டும்.

மருந்து உருவாக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. ஒரு வேதிப்பொருள் எந்த அளவில் நோய்க்கிருமியையோ நொதியையோ தடுக்கும் என்பதைச் சோதித்துப் பெற்ற ஆயிரக்கணக்கான எண்களைக் கணினியில் இட்டு, அடுத்து எந்தப் பொருளைச் செய்து பார்க்கலாம் என்று கணிப்பது இன்றைய நடைமுறை. ஒரே பொருளுக்கு இரண்டு ஆய்வகங்கள் தரும் எண்கள் இரண்டு, மூன்று மடங்கு வேறுபடுவது அரிதன்று. தரவில் உள்ள பிழையைக் கணினி தானாக உணராது. பிழையையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும். புதிய மருந்து கணினி கண்டறிந்தது என்ற செய்தியைப் படிப்போர், அது மனிதரிடம் சோதிக்கப்பட்டதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

பாக்டீரியாவைக் கொண்டு அளந்த வைட்டமின்

சுப்பாராவ் 1930இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆயினும் ஹார்வர்டில் நிரந்தர ஆசிரியப் பதவி கிடைக்கவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே ஆய்வகத்திற்குச் சென்று, பின்னர் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார். இரத்தசோகையைக் குணப்படுத்தும் ஈரல் பொருளைத் தனித்தெடுப்பது அங்கு அவர் குழுவின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாயிற்று. (இந்த நாட்டுக்கும் அதில் பங்குண்டு: ஈஸ்ட் சாற்றால் கர்ப்பிணிகளின் இரத்தசோகை குணமாவதைப் பம்பாயில் கண்டறிந்து 1931இல் வெளியிட்டவர் லூசி வில்ஸ் என்னும் மருத்துவர்.)

போலிக் அமிலம் மிகச் சிறிய அளவில் உள்ளதால், அதை அளக்கப் பாக்டீரியாவைப் பயன்படுத்தினர். அவ்வைட்டமின் இன்றி வளராத பாக்டீரியாவிற்குச் சாற்றைக் கொடுத்து, வளர்ச்சியைக் கொண்டு அளவைக் கணக்கிடுவது முறை. ஆனால் நொதித்தலில் கிடைத்த ஒரு சாறு, லாக்டோபேசில்லஸ் கேசை என்ற பாக்டீரியாவை நன்கு வளர்த்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பீகாலிசை அரிதாகவே வளர்த்தது. ஒரு பாக்டீரியாவை மட்டும் நம்பியிருந்தால் ஒன்று மிகுதி என்றிருப்பர், அல்லது இல்லவேயில்லை என்றிருப்பர். இரண்டும் வைட்டமினே, ஒன்றில் குளூட்டாமிக் அமிலம் ஒற்றையாகவும் மற்றொன்றில் மூன்று கண்ணிகளாகவும் இணைந்திருந்தது என்பது பின்னர் தெளிவாயிற்று. ஸ்டாக்ஸ்டாட், ஹட்சிங்ஸ் முதலியோர் அடங்கிய அக்குழு 1945இல் போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியது. அது ஸ்ப்ரூ நோயாளிகளின் இரத்தசோகையையும் நாக்குப்புண்ணையும் ஆற்றியது. அவர் உடன்பிறந்தோர் இறந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழிந்திருந்தது.

இங்கும் ஓர் எண் ஏமாற்றியது. பி12 குறைபாட்டால் வரும் பெர்னிஷியஸ் இரத்தசோகைக்குப் போலிக் அமிலம் கொடுத்தபோது இரத்த எண்ணிக்கை உயர்ந்தது. நரம்புப் பாதிப்போ முற்றியது. இரத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்களுக்கு நோய் குணமாவதாகத் தோன்றியது. ஆகவே கால் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம், நெடுநாள் சைவ உணவு, மெட்பார்மின் மாத்திரை ஆகியவற்றுள் எது இருப்பினும், போலிக் அமிலத்தை மட்டும் தாமாக வாங்கி உண்ணாமல் பி12 அளவையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் இரும்புச்சத்து, போலிக் அமில மாத்திரை இதற்காக நிறுத்தப்பட வேண்டியதன்று.

மூன்று கண்ணி கொண்ட செயற்கைப் பொருளைப் பாஸ்டன் மருத்துவர் சிட்னி பார்பர் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளிடம் அது நோயை விரைவுபடுத்துவதாக அவருக்குத் தோன்றியது. அவர் அதை மறைக்கவில்லை. வைட்டமின் வளர்க்குமானால், வைட்டமினைத் தடுப்பது ஒடுக்கக்கூடும் என்று கருதினார். சுப்பாராவின் குழு தடுப்பு மருந்துகளைச் செய்து கொடுத்தது. அவற்றுள் அமினோப்டெரின் பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை பார்பர் 1948இல் வெளியிட்டார்.

அக்குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்று புற்றுநோய்க்கும், குறைந்த அளவில் முடக்குவாதத்திற்கும் சொரியாசிசுக்கும் தரப்படுகிறது. முடக்குவாதத்திற்கும் சொரியாசிசுக்கும் இதை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் உட்கொண்டு உயிரிழந்தவர்கள் உண்டு. பராமரிப்போர் அந்தக் கிழமையை மருந்துச் சீட்டின்மேல் பெரிதாக எழுதி வைப்பது நல்லது. வாய்ப்புண், காய்ச்சல், மூச்சுத்திணறல், எளிதில் இரத்தம் கசிதல் தோன்றினால் அடுத்த வேளையை உட்கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகச் சோதனைகளை இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் செய்துகொண்டால், ஏற்ற இறக்கம் உடலுடையதா முறையுடையதா என்று மருத்துவர் பிரித்தறிய எளிதாகும்.

பார்பரின் கட்டுரை வெளிவந்த சில வாரங்களில், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் தம் 53ஆம் வயதில் பேர்ல் ரிவரில் உறக்கத்திலேயே காலமானார். அதற்கு முந்தைய ஆண்டு அவர் ஆய்வகம் யானைக்கால் நோய்க்கு எதிரான டையெத்தில்கார்பமசின் மாத்திரையை வெளியிட்டிருந்தது. அம்மாத்திரையே இன்றும் இந்தியாவில் யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தில் வழங்கப்படுகிறது. இந்திய அஞ்சல் துறை அவர் நூற்றாண்டையொட்டி 1995இல் அஞ்சல்தலை வெளியிட்டது.