உடைமையாளர்களின் நாட்டில் ஒரு கோமாளி: ஜார்ஜ் கார்லின்

2005 நவம்பரில், நியூயார்க் நகரின் பீக்கன் அரங்கில் 68 வயது முதியவர் ஒருவர் சில நிமிடங்கள் அமெரிக்காவின் உண்மையான உடைமையாளர்களைப் பற்றிப் பேசினார். நிலம், பெருநிறுவனங்கள், நாடாளுமன்றம், நீதிபதிகள், ஊடகங்கள் என அனைத்தும் ஒரு சிறு கூட்டத்தின் கையில் இருப்பதாகச் சொன்னார். கேள்வி கேட்கத் தெரிந்த குடிமக்களை அக்கூட்டம் விரும்புவதில்லை. இயந்திரத்தை இயக்கும் அளவுக்கு அறிவும், குறைந்த கூலியை ஏற்றுக்கொள்ளும் அளவுக்குப் பணிவும் உள்ள தொழிலாளர்களே அதற்குத் தேவை என்றார். அடுத்து அவர்கள் முதியோரின் ஓய்வூதியத்துக்கும் வருவார்கள் என்று எச்சரித்தார். அரங்கம் சிரித்தது, ஆனால் அவர் சொன்னது வேடிக்கைக்காக அல்ல என்பதும் அரங்கத்துக்குத் தெரிந்தே இருந்தது. அந்த முதியவர்தான் ஜார்ஜ் கார்லின்.

1937 மே 12 அன்று நியூயார்க்கின் மன்ஹாட்டனில், ஐரிஷ் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் கார்லின் பிறந்தார். தந்தை ஒரு நாளிதழின் விளம்பரப் பிரிவில் பணியாற்றியவர். குடிப்பழக்கமும் வன்முறையும் கொண்ட அவரைவிட்டு, கைக்குழந்தையான ஜார்ஜையும் மூத்த மகனையும் அழைத்துக்கொண்டு தாய் வெளியேறினார். அலுவலகச் செயலராக வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்த அந்தத் தாயும் விளம்பரத் துறை சார்ந்த அமைப்பில்தான் பணிபுரிந்தார். ஆக, பொருளை விற்பதற்குச் சொற்களை எப்படி வளைப்பார்கள் என்பது கார்லினுக்கு வீட்டுக்குள்ளேயே அறிமுகமான செய்தி.

அவர் வளர்ந்த மார்னிங்சைடு ஹைட்ஸ், கறுப்பின மக்களின் ஹார்லெமை ஒட்டிய பகுதி. அவரும் நண்பர்களும் தங்கள் தெருக்களை வெள்ளை ஹார்லெம் என்றே அழைத்தனர். தெருவில் கேட்ட கறுப்பின மக்களின் பேச்சும் தாளமும் இசையும் தம்மை உருவாக்கியதை அவர் மறைத்ததில்லை. பள்ளிப் படிப்பை முடிக்காமல் விமானப் படையில் சேர்ந்தார். அங்கே கட்டளைக்குக் கீழ்ப்படியாமல் பலமுறை தண்டிக்கப்பட்டு, 1957இல் வெளியேற்றப்பட்டார். வானொலி அறிவிப்பாளராகப் பணியாற்றி, அங்கிருந்து மேடைக்கு வந்தார்.

1960களில் தொலைக்காட்சியில் கோட்டும் டையும் அணிந்து, எவரையும் புண்படுத்தாத நகைச்சுவையால் அவர் புகழும் பணமும் ஈட்டினார். ஆனால் அதே பத்தாண்டில் அமெரிக்கத் தெருக்கள் எரிந்துகொண்டிருந்தன. குடியுரிமைப் போராட்டமும் வியட்நாம் போர் எதிர்ப்பும் உச்சத்தில் இருந்தன. கறுப்பின நகைச்சுவையாளர் டிக் கிரெகரி மேடையை விட்டிறங்கிப் போராட்டக் களத்தில் நின்றார். 1962இல் சிகாகோவில், மேடைப் பேச்சுக்காக லென்னி புரூஸ் கைது செய்யப்பட்ட இரவில் பார்வையாளராக இருந்த கார்லின், அடையாள அட்டையைக் காட்ட மறுத்ததற்காக அவரோடு காவல் வண்டியில் ஏற்றப்பட்டார். தாம் மகிழ்விப்பது பெற்றோர் தலைமுறையின் பணக்காரர்களை. தம் மனம் இருப்பதோ அவர்களை எதிர்க்கும் இளைஞர்களோடு என்னும் முரண் அவரை அரித்தது. 1970இல் லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதி ஒன்று, மேடையில் பேசிய ஒரு சொல்லுக்காக அவரை நீக்கியது. அவர் தாடி வளர்த்தார், கோட்டைக் கழற்றினார். பெரும் வருமானத்தை இழந்து, கல்லூரி அரங்குகளையும் காப்பி விடுதிகளையும் நாடிப் போனார்.

1972இல் வெளியான ஓர் இசைத்தட்டில், தொலைக்காட்சியில் சொல்லவே கூடாத ஏழு சொற்களை அவர் ஆராய்ந்தார். அதே ஆண்டு ஜூலையில் மில்வாக்கியில் அவற்றை மேடையில் பேசியதற்காகக் கைதானார். வழக்கு பின்னர் தள்ளுபடியானது. 1973இல், விளம்பரம் வாங்காமல் நேயர்களின் நன்கொடையில் இயங்கிய ஒரு நியூயார்க் வானொலி அவரது இதே போன்ற பேச்சை ஒலிபரப்ப, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1978இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், ஒலிபரப்பைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பானது. எந்தச் சொல் அசிங்கமானது என்பதை முடிவு செய்பவர் யார் என்ற கேள்வியை கார்லின் அதன் பிறகும் விடவில்லை.

இந்தக் கேள்வியே அவரை முதலாளித்துவ விமர்சனத்துக்கு இட்டுச் சென்றது. 1990இல் பேசிய ஒரு நிகழ்ச்சியில், போரில் மனம் சிதைந்த சிப்பாயின் நிலைக்கு முதல் உலகப் போரில் இருந்த இரண்டு கூர்மையான சொற்கள், வியட்நாமுக்குள் எப்படி உணர்ச்சியற்ற நீண்ட மருத்துவப் பெயராக மாறின என்று காட்டினார். வலி மறைந்துவிடவில்லை; சொல்லில் இருந்து மட்டும் அகற்றப்பட்டது. வேலையிலிருந்து துரத்துவதற்கும் சேரியில் வாழ்வதற்கும் நிர்வாகம் சூட்டும் மெல்லிய பெயர்களையும் அவர் அதே வரிசையில் வைத்தார். பசியை வேறு பெயரால் அழைக்கும்போது பசிக்குக் காரணமானவர் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறார் என்பதே அவரது வாதம்.

1992இல் அவர் நிலத்தைத் தொட்டார். வீடற்றோரின் சிக்கலைத் தீர்க்க கோல்ஃப் மைதானங்களைக் கையகப்படுத்தி அங்கே வீடு கட்ட வேண்டும் என்றார். பணக்கார வெள்ளையர் சிலர் ஒரு சிறு பந்தை அடிப்பதற்காக இவ்வளவு நிலம் வேலியிடப்பட்டிருக்கையில், நிலமில்லை என்று யார் சொல்வது என்று கேட்டார். அவர்களுக்குத் தேவை இல்லம் என்னும் கனவன்று, கூரையும் சுவரும் கொண்ட வீடு என்று அங்கும் சொல்லைத் திருத்தினார். ஏழைகளின் குடியிருப்பு தம் அருகில் வரக் கூடாது எனத் தடுக்கும் நடுத்தர வர்க்கத்தையும், அதாவது தம் முன்னால் அமர்ந்திருந்தவர்களையும், அவர் விட்டுவைக்கவில்லை.

ஆயினும் கார்லினைப் புனிதராக்க முடியாது. போதைப் பழக்கத்தாலும் கணக்கு வழக்கின்மையாலும் சேர்ந்த வருமான வரிக் கடனை அடைக்க அவர் பல்லாண்டுகள் ஓடி ஓடி உழைத்தார். 1990களின் இறுதியில், விளம்பரங்கள் மனிதர்களை மழுங்கடிப்பதை மேடையில் கிழித்துத் தொங்கவிட்ட அதே காலத்தில், தொலைபேசி நிறுவனம் ஒன்றின் விளம்பரத்தில் அவரே நடித்தார். அந்த முரணை மறைக்காமல் மேடையிலேயே சொல்லவும் செய்தார். எதிர்ப்பவனையும் விலைக்கு வாங்கும் வல்லமை சந்தைக்கு உண்டு என்பதற்கு அவர் வாழ்வே ஒரு சான்று. உடைமையாளர்களைச் சாடிய அவரது நிகழ்ச்சிகள்கூட ஒரு பெரும் ஊடக நிறுவனத்தின் கட்டணத் தொலைக்காட்சியில்தான் வெளியாயின.

இதைவிட ஆழமான குறை அவரது அரசியல் முடிவில் இருக்கிறது. 1996இல், தாம் வாக்களிப்பதில்லை என்று மேடையில் பெருமையாக அறிவித்தார். எல்லாம் உடைமையாளர்களின் கையில் என்றால் வாக்கு எதற்கு என்பது அவர் தர்க்கம். ஆனால் அதே நாட்டில், 1965இன் வாக்குரிமைச் சட்டம் வருவதற்கு மிசிசிப்பியிலும் அலபாமாவிலும் கறுப்பின மக்கள் அடிபட்டனர், வேலையை இழந்தனர், உயிரையும் கொடுத்தனர். 1963இல் வாக்காளராகப் பதிய முயன்றோர் பழிவாங்கப்பட்ட கிரீன்வுட் நகருக்கு டிக் கிரெகரி உணவுப் பொருட்களைக் கொண்டு சேர்த்தார். வாக்கை வீசி எறியும் சலுகை, அது பிறப்பிலேயே கிடைத்தவருக்குத்தான் உண்டு. பறிக்கப்பட்டவர்களுக்கு அது போதாத ஆயுதம், ஆனாலும் ஆயுதம். அமைப்பின் தோலை உரித்துக் காட்ட கார்லினால் முடிந்தது. அதை மாற்றக்கூடிய மக்கள் திரளை அவர் நம்பவில்லை.

2008 ஜூன் 22 அன்று, 71ஆம் வயதில் இதயச் செயலிழப்பால் கலிஃபோர்னியாவில் அவர் மறைந்தார். அமெரிக்க நகைச்சுவைக்கான மார்க் ட்வெய்ன் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டுச் சில நாட்களே ஆகியிருந்தன. மூன்று மாதங்களுக்குள் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. கோடிக்கணக்கானோர் வீட்டையும் வேலையையும் சேமிப்பையும் இழக்க, வங்கிகளை அரசு பொதுப் பணத்தால் தாங்கிப் பிடித்தது. 2005இல் சிரித்தபடி கேட்டதை மக்கள் இணையத்தில் மீண்டும் தேடிக் கேட்டனர். 2011இல் அதே நியூயார்க்கின் ஒரு பூங்காவை இளைஞர்கள் ஆக்கிரமித்து, 99 விழுக்காட்டினர் தாமே என்று அறிவித்தார்கள். கார்லின் நம்ப மறுத்த ஒன்றை, கூடி நிற்பதை, அவர்கள் செய்து பார்த்தார்கள். உடைமையாளர் யார் என்று கோமாளி சொல்லிவிட்டுப் போனார். உடைமையை என்ன செய்வது என்பதை அரங்கில் சிரித்தவர்கள் வெளியே வந்துதான் தீர்மானிக்க வேண்டியிருந்தது.