நந்தலால் வஸுவும் பாலர் சித்திரக் கல்வியும்

அரிமளத்தில் தேசத் தொண்டர் சிலருடன் அண்மையில் உரையாட நேர்ந்தது. ஆரம்பப் பாடசாலைகளில் சிறு குழந்தைகளுக்குச் சித்திரமும் களிமண் வேலையும் முறையாகக் கற்பிக்க வேண்டுமென்று அங்கிருந்த உபாத்தியாயர் ஒருவர் பிரஸ்தாபித்தார். கூடியிருந்தவர்களில் பலருக்கு அப்பேச்சு ருசிக்கவில்லை. கண்மாய்கள் தூர்ந்து கிடக்கின்றன. வாலிபர்கள் பிழைப்பைத் தேடி அயல்நாடு செல்கின்றனர். இந்நிலையில் மண்பொம்மை செய்வது பொதுக்காரியங்களில் ஈடுபட்டோர் யோசிக்கத்தக்க விஷயமா என்று அவர்கள் கேட்டனர். கேள்வி நியாயமானதே. தர்க்கத்தால் விடையிறுப்பதினும் ஒருவருடைய சரித்திரத்தால் விடையிறுப்பது பொருந்துமென்று எண்ணுகிறோம்.

வங்கத்துச் சித்திராசாரியர் நந்தலால் வஸுவையே குறிப்பிடுகிறோம். போஸ் என்னும் ஆங்கில உச்சரிப்பாலேயே அவரை நம்மவர் அதிகம் அறிவர். காங்கிரஸ் மகாசபைப் பந்தல்களை அலங்கரித்தவர், அரசியலமைப்புச் சட்டத்தின் மூலப் பிரதிக்குச் சித்திரம் வகுத்தவர் என்ற அளவில் தேசிய உலகம் அவரைப் போற்றுகிறது. ஆனால் அவருடைய ஆயுளில் முப்பதாண்டு உபாத்தியாயர் தொழிலில் கழிந்ததென்பதை அரசியல் வாதிகள் நினைப்பதில்லை.

1882-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி பீஹாரில் முங்கேர் ஜில்லாவைச் சேர்ந்த கரக்பூரில் அவர் பிறந்தார். தந்தையார் தர்பங்கா ஜமீன் நிர்வாகத்தில் உத்தியோகம் வகித்தவர். தாயார் க்ஷேத்திரமணி தேவி கைவேலையில் வல்லவர். பிள்ளைகளுக்குப் பொம்மை செய்து கொடுப்பார். அதைப் பார்த்து வளர்ந்த சிறுவன் குயவர் வீட்டுத் திண்ணையே கதியென்று கிடந்து, தானும் மண்ணைப் பிசைந்து உருவங்கள் செய்தான். பூஜைப் பந்தல்களுக்கு அலங்காரம் செய்தான். இவற்றில் எதையும் பாடசாலை அவனுக்குக் கற்பிக்கவில்லை. பாடசாலை கற்பித்தது வேறு. பதினைந்தாம் வயதில் கல்கத்தா சென்று பள்ளிப் படிப்பை முடித்து, கலாசாலையில் சேர்ந்து, பரீக்ஷையில் தவறி, வேறு கலாசாலை மாறி, வணிகப் படிப்பையும் முயன்று பார்த்து, ஒன்றிலும் மனம் ஒன்றாமல் அந்த வாலிபர் வருஷங்களை வீணாக்கினார். வீணாக்கியவர் அவரன்று, அக்கல்வியே என்று சொல்லுதல் தகும். கைக்கு ஒரு வேலையும் தராத அக்கல்வியில் அவரைப் போன்றோர் எத்தனை பேர் மழுங்கிப் போயினரோ!

1905-இல் சர்க்கார் சித்திர கலாசாலையில் அவர் இடம் பெற்றார். முதலில் சென்னையிலும் பின்னர் கல்கத்தாவிலும் தலைவராயிருந்த ஹாவெல் என்ற ஆங்கிலேயர், ஐரோப்பியப் படங்களைப் பார்த்து நகலெடுக்கும் வழக்கத்தை அக்கலாசாலையிலிருந்து அகற்றி, இந்தியச் சிற்பத்தையும் சித்திரத்தையும் மாணாக்கருக்கு முன் வைத்திருந்தார். அங்கே அவனீந்திரநாத் தாகூர் நந்தலாலுக்குக் குருவாக வாய்த்தார். 1909-இல் ஹெர்ரிங்ஹாம் சீமாட்டி அஜந்தா ஓவியங்களைப் படியெடுக்க வந்தபோது, உடன் சென்ற இளைஞருள் நந்தலாலும் ஒருவர். நம் முன்னோரின் கையோட்டத்தை அவர் குகைச் சுவரில் கற்றார்.

அரிமளத்தார் இதற்காக அஜந்தா செல்ல வேண்டியதில்லை. புதுக்கோட்டை நகரிலிருந்து சிறிது தூரத்திலேயே சித்தன்னவாசல் இருக்கிறது. அங்கே குகைக் கோயிலின் விதானத்தில் தாமரைப் பொய்கை. அதில் மீனும் அன்னமும் யானையும் எருமையும் பூப்பறிப்போரும் எழுதப்பட்டுள்ளனர். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அப்பொய்கையின் முன் சிறுவர்களைச் சிலேட்டும் பலப்பமுமாக உட்கார வைத்த பாடசாலைகள் எத்தனை? உல்லாசப் பயணமாக அழைத்துச் சென்று, புளியோதரை உண்டு, திரும்பி வருவதோடு நம் கலைக் கல்வி முடிந்து விடுகிறது.

ரவீந்திரநாதர் 1901-இல் சாந்திநிகேதனத்தில் ஐந்தாறு பிள்ளைகளுடன் தொடங்கிய ஆசிரமப் பள்ளி வளர்ந்து, 1919-இல் கலாபவனம் என்ற சித்திரப் பகுதியும் அங்கே ஏற்பட்டது. அடுத்த ஆண்டு நந்தலால் அங்கு நிலையாகக் குடியேறினார். 1922 முதல் 1951 வரை அதன் தலைவராயிருந்தார். கல்கத்தாவில் பணமும் பெயரும் சம்பாதித்திருக்கக் கூடியவர் செம்மண் மேட்டில் மர நிழலில் உட்கார்ந்து பாடம் சொன்னார். மரம், மாடு, மழை, சந்தை, சந்தால் குடிகளின் வீடு இவையே அவருடைய மாதிரிகள். அச்சடித்த படத்தைப் பார்த்து எழுதும் பழக்கத்தை அவர் வெறுத்தார். முதலில் பொருளை நன்றாகக் காண வேண்டும். அதோடு பழக வேண்டும். பின்னர் நினைவிலிருந்து எழுத வேண்டும் என்பது அவர் போக்கு. சட்டைப் பையில் சிறு அட்டைகள் வைத்துக் கொண்டு கண்டதையெல்லாம் கீறுவார். நண்பருக்கும் மாணவருக்கும் அவ்வட்டைகளையே கடிதமாக அனுப்புவார். சித்திரம் மட்டுமன்று, தையல், மண், மரம், தோல் முதலிய கைவேலைகளும், நம் கோலத்துக்கு உறவான அல்பனாவும் அங்கே சமமாக மதிக்கப் பெற்றன. ருதுக்களின் விழா வந்தால் மேடையையும் வாயிலையும் அலங்கரிப்பதே பாடம்.

1930-ஆம் ஆண்டு நம் தொண்டர்களுக்குத் தண்டி யாத்திரையின் ஆண்டு. கோலூன்றி நடக்கும் காந்தியடிகளின் உருவத்தை நந்தலால் லினோலியப் பலகையில் செதுக்கி அச்சிட்டார். கறுப்பு வெள்ளையில் அமைந்த அப்படத்தை அறியாத தேசபக்தர் இலர். அதே ஆண்டில், ரவீந்திரர் சிறு குழந்தைகளுக்கென்று எழுதிய சஹஜ் பாட் என்ற அரிச்சுவடியும் வெளிவந்தது. அதன் படங்களும் நந்தலால் செதுக்கியவையே. எழுத்தோடு படமும் சேர்ந்தே குழந்தையின் கண்ணுக்கு வருமாறு அது அமைந்தது. பின்னாளில் வங்காளத்து ஆரம்பப் பாடசாலைகளில் தலைமுறை தலைமுறையாக அதைப் படித்தனர். காந்தியடிகளைச் செதுக்கிய உளியும் அகரம் கற்கும் குழந்தைக்குப் படம் செதுக்கிய உளியும் ஒரே கையில் இருந்தன. முன்னது தேச காரியம், பின்னது விளையாட்டு என்று அவர் பிரித்ததாகத் தெரியவில்லை.

வறுமை நாட்டில் கலை எதற்கு என்ற கேள்வி அவர் காலத்திலும் எழுந்தது. கல்வியில் கலைக்குள்ள இடத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையொன்றில் இதற்கு விடை கூறியிருக்கிறார். ஒன்றுமில்லாத சந்தால் ஏழை தன் மண்குடிசையை மெழுகித் துடைத்து, இருக்கும் சட்டி பானையை ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறான். கலாசாலை விடுதியில் வசிக்கும் செல்வர் வீட்டுப் பிள்ளையின் அறையோ விலையுயர்ந்த சாமான்கள் தாறுமாறாகக் கிடக்கும் கிடங்காயிருக்கிறது. அழகுணர்ச்சி பணத்தால் வருவதன்று. அதை இழக்கச் செய்வது ஏட்டுக் கல்வியே என்பது அவர் கட்சி. தெருவிலும் குளக்கரையிலும் குப்பை கொட்டுவோரில் பட்டதாரிகள் எத்தனை பேர் என்று நம்மூர்களில் கணக்கெடுத்துப் பார்த்தால் அக்கட்சியின் பலம் விளங்கும்.

1936-இல் லக்ஷ்மணபுரியிலும் பைஸ்பூரிலும் மகாசபை கூடியபோது காந்தியடிகள் அவரை அழைத்தார். பைஸ்பூர் ஒரு கிராமம். கிராமத்தில் மகாசபை கூடியது அதுவே முதல் முறை. மூங்கிலும் ஓலையுமாகக் கிராமத்தார் கைக்கு எட்டிய பொருள்களைக் கொண்டே அவர் நகரம் அமைத்துக் கொடுத்தார். 1938-இல் ஹரிபுராவுக்காகத் தம் கையால் 80-க்கு மேற்பட்ட படங்கள் தீட்டினார். மாணவர் எடுத்த படிகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 400. உழவன், தையற்காரன், மேளம் கொட்டுவோன், மல்லன், பிள்ளையேந்திய தாய் இவர்களே அப்படங்களின் நாயகர்கள். கைக்காகிதத்தில் மண் நிறங்களால் அவை எழுதப்பட்டன. செம்மண், சுண்ணாம்பு, அடுப்புக்கரி, மஞ்சள் ஆகியவை அரிமளத்தில் எந்தச் சிறுமிக்குத்தான் கிடையா?

இடையில் 1937-இல் வார்தாவில் ஆதாரக் கல்வி மகாநாடு கூடிற்று. ஜாகீர் ஹுஸேன் தலைமையில் அமைந்த குழு வகுத்த பாடத் திட்டத்தில் சித்திரமும் சங்கீதமும் இடம் பெற்றன. அத்திட்டத்தை நடத்தும் பொறுப்பேற்றவர் யாழ்ப்பாணத்துத் தமிழரான ஆரியநாயகம், சாந்திநிகேதனத்தில் பணியாற்றியவர். நந்தலாலின் மாணவர் தேவிபிரஸாத் 1944-இல் சேவாகிராமப் பள்ளிக்குச் சித்திர உபாத்தியாயராகச் சென்றார். நம் மாகாணத்திலும் ஆதாரப் பள்ளிகள் எழுந்தன. ஆயின் அவற்றில் தக்ளியைப் பிடித்துக் கொண்டவர்கள் தூரிகையைக் கைவிட்டனர் என்பது நமது அபிப்பிராயம். நூலின் எடையை அளந்து கணக்கெழுதலாம். குழந்தையின் கற்பனையை அளக்க இன்ஸ்பெக்டரிடம் தராசு இல்லை.

சென்னை ராஜதானிக் கலாசாலையில் பொருளாதாரம் படித்த ஒரு வாலிபர், 1942-ஆம் வருஷக் கிளர்ச்சியில் சிறை சென்றார். சர்க்கார் கலாசாலைக் கதவுகள் அவருக்கு அடைபட்டன. அவர் 1944-இல் நந்தலாலிடம் போய்ச் சேர்ந்தார். கேரளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கே. ஜி. சுப்பிரமணியன் அவரே. பின்னாளில் பெரிய ஓவியராகிய அவர் குழந்தைகளுக்குப் படக்கதைகள் எழுதினார். மரத்தாலும் துணியாலும் விளையாட்டுப் பொம்மைகள் செய்தார். பொம்மை செய்வது தொண்டருக்குத் தகாது என்போர் இச்சிறைவாசியின் வாழ்க்கையை நோக்குவார்களாக.

1950 ஜனவரி 24-ஆம் தேதி கையொப்பமிடப்பட்ட அரசியலமைப்புச் சட்டப் பிரதியின் பக்கங்களுக்கு நந்தலாலும் மாணவரும் சித்திரம் அமைத்தனர். தமிழ் நாட்டின் நடராஜ வடிவமும் மாமல்லபுரத்துத் தபசுக் காட்சியும் அதில் உண்டு. நான்காம் பகுதியின் தலைப்பில் கண்ணன் பார்த்தனுக்கு உபதேசிக்கும் காட்சி. அதே பகுதியில்தான் பத்தாண்டுகளுக்குள் பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க முயல வேண்டுமென்ற 45-ஆம் ஷரத்தும் இருந்தது. 1951-இல் ஓய்வு பெற்ற நந்தலால், 1954-இல் பத்மவிபூஷண் விருது பெற்று, 1966 ஏப்ரல் 16-ஆம் தேதி கல்கத்தாவில் காலமானார். அந்த வாக்குறுதி அப்பொழுதும் நிறைவேறவில்லை.

2002-இல் அரசியலமைப்பைத் திருத்தி, 2009-இல் கட்டாயக் கல்விச் சட்டம் இயற்றினார்கள். வக்கீல் பழக்கத்தால் நாம் சட்டங்களின் அட்டவணையையும் படிப்பதுண்டு. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையில், பிள்ளைகள் 100-க்கு மேற்பட்டால் கலைக் கல்விக்குப் பகுதி நேரப் பயிற்றுநர் வேண்டுமென்று அதில் கண்டிருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு அத்தகைய விதி இல்லை. மண்ணையும் கரியையும் தானாகவே நாடும் ஐந்து வயதுக் குழந்தைக்கு ஆளில்லை. வெட்கம் வந்து, எனக்கு வரையத் தெரியாது என்று ஒதுங்கத் தொடங்கும் பதினொரு வயதில், அதுவும் கூட்டம் சேர்ந்தால் மட்டும், ஆள் வருகிறார். இந்த அட்டவணையைத் திருத்தும்படி சட்டசபை அங்கத்தினரையும் பாராளுமன்ற அங்கத்தினரையும் கேட்பது நம் தொண்டர்களின் வேலை.

அதுவரை சும்மா இருக்க வேண்டுமென்பதில்லை. புரவியெடுப்புக்கு மண் குதிரை செய்யும் வேளார் குலத்தார் புதுக்கோட்டைச் சீமையில் இருக்கின்றனர்; பனையோலையில் கொட்டான் முடையும் பெண்டிர் இருக்கின்றனர்; மார்கழியில் தெருவடைத்துக் கோலமிடுவோர் வீடுதோறும் இருக்கின்றனர். வாரத்தில் ஒரு பிற்பகல் இவர்களுள் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்துப் பிள்ளைகளின் நடுவே உட்கார வைக்க எந்த உத்தரவும் தடையாக நிற்பதாக நமக்குத் தோன்றவில்லை. அவருக்கு உரிய கூலியை ஊராட்சி கொடுப்பதா, பெற்றோர் சேர்ந்து கொடுப்பதா என்பதை அரிமளத்து அன்பர்கள் அடுத்த கிராம சபையில் வைத்து முடிவு செய்யலாம்.