ராபர்ட் கோக்

ராபர்ட் கோக் (டிசம்பர் 11, 1843 – மே 27, 1910) ஒரு ஜெர்மானிய மருத்துவரும் நுண்ணுயிரியல் அறிஞரும் ஆவார். காசநோய் பற்றிய ஆய்வுகளுக்காக 1905 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார். கழிவுநீர்க் குழாய்கள் இல்லாத குடியிருப்பில் மக்கள் புழங்கும் நீரைச் சோதித்துத் தொற்றுநோயின் போக்கை அறிந்த தொடக்ககால ஆய்வுகளுள், இவர் கல்கத்தாவில் செய்த ஆய்வும் ஒன்றாகும்.

வாழ்க்கை

கிளௌஸ்தால் என்னும் சுரங்க நகரில் பிறந்த கோக், கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்று 1866 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மாவட்ட மருத்துவராகப் பணியாற்றியபோது ஆந்த்ராக்ஸ் நோயை ஆராய்ந்து, 1876 இல் முடிவுகளை வெளியிட்டார். 1882 இல் காசநோய் நுண்ணுயிரியைக் கண்டறிந்து அறிவித்தார்.

கல்கத்தாவில் காலரா ஆய்வு

1883 இல் எகிப்தில் காலரா பரவியபோது, ஜெர்மானிய அரசு கோக் தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. அங்கு நோய் தணிந்துவிடவே, குழு டிசம்பர் 1883 இல் கல்கத்தாவை வந்தடைந்தது. காலராவால் இறந்தோரின் குடலிலிருந்து காற்புள்ளி போல் வளைந்த நுண்ணுயிரியைக் கோக் தனியே பிரித்து வளர்த்தார். இந்நுண்ணுயிரியை இத்தாலியரான பிலிப்போ பாச்சினி 1854 இலேயே கண்டிருந்தார்.

1884 இன் தொடக்கத்தில் பேலியகட்டா பகுதியின் சாகேப் பாகான் குடியிருப்பில் காலரா பரவி 17 பேர் இறந்தனர். அங்குள்ள குளத்திலேயே மக்கள் குளித்தனர், துவைத்தனர், குடிநீரும் எடுத்தனர். முதலில் இறந்தவரின் துணிகளும் அதில்தான் துவைக்கப்பட்டன. கோக் அக்குளத்து நீரைப் பலமுறை சோதித்தார். நோய் கடுமையாக இருந்தபோது நீரில் நுண்ணுயிரிகள் மிகுந்திருந்தன. நோய் தணிந்தபோது அவை குறைந்தன.

எதிர்ப்பும் ஏற்பும்

காலராவை விலங்குகளுக்கு உண்டாக்க இயலாமை கோக்கின் முடிவுக்குப் பெருங்குறையாக இருந்தது. 1884 இல் இந்தியா வந்த பிரித்தானியக் குழு, மற்றொரு குளத்தில் காற்புள்ளி வடிவ நுண்ணுயிரிகள் இருந்தும் அந்நீரைப் பயன்படுத்தியோர் நலமாயிருந்ததைக் காட்டி அம்முடிவை மறுத்தது. 1892 இல் வடிகட்டாத ஆற்றுநீரைப் பயன்படுத்திய ஹாம்பர்க் நகரில் காலராவால் 8,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நீரை வடிகட்டி வழங்கிய அண்டை நகரான ஆல்டோனாவில் இழப்பு மிகக் குறைவு. இதன்பின் கோக்கின் கருத்து வலுப்பெற்றது. நோயை உண்டாக்கும் நச்சை 1959 இல் சம்புநாத் தே கல்கத்தாவில் மெய்ப்பித்தார். எல்லாக் காலரா நுண்ணுயிரிகளும் இந்நச்சைச் சுரப்பதில்லை என்பது பின்னர் தெளிவானது.

மரபு

நோயாளியை மட்டுமன்றி, ஊரார் புழங்கும் நீரையும் தொடர்ந்து சோதிக்கும் முறை இன்றும் பயன்படுகிறது. இளம்பிள்ளைவாத நோய்க்கிருமியைக் கண்காணிக்க மும்பையில் 2001 முதல் கழிவுநீர் சோதிக்கப்பட்டு வருகிறது. நிலத்தடிக் குழாய்கள் இல்லாத இடங்களில் திறந்த சாக்கடைக் கால்வாய்களிலிருந்து மாதிரிகள் எடுக்கப்படுகின்றன.