மேல்முறையீட்டில் உடன் நின்றவர்: வால் ஹானிங்டன்

பிரித்தானியத் தொழிலாளர் வரலாற்றில் வால் ஹானிங்டன் என்ற பெயர் பசி ஊர்வலங்களோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. ஊர்வலம் முடிந்த பின்னரும் அவருடைய இயக்கம் செய்த வேலை ஒன்று உண்டு. உதவித்தொகை மறுக்கப்பட்டவர்களுக்காக மேல்முறையீடு செய்வதே அது. அந்நாட்டின் மாற்றுத்திறனாளிகள் அண்மைக் காலத்தில் சந்தித்த அநீதியைப் புரிந்துகொள்ள, அந்த வேலையை நாம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

1896இல் லண்டனின் கேம்டன் டவுனில் பிறந்த ஹானிங்டன், தொழிற்சாலைக் கருவிகள் செய்யும் தொழிலாளி. 1920இல் பிரித்தானியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கப்பட்டபோதே அதில் இணைந்தார். போருக்குப் பின் வேலையின்மை பெருகிய 1921இல் தேசிய வேலையற்றோர் இயக்கம் உருவானது. அதன் தேசிய அமைப்பாளராக அவர் பொறுப்பேற்றார்.

1922இல் இவ்வியக்கம் லண்டனை நோக்கி முதல் தேசியப் பசி ஊர்வலத்தை நடத்தியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பார்வையற்ற தொழிலாளர்கள் அந்தப் பாதையில் நடந்திருந்தனர். 1920இல் நியூபோர்ட், மான்செஸ்டர், லீட்ஸ் ஆகிய நகரங்களிலிருந்து புறப்பட்ட அவர்கள், தருமத்தை நம்பி வாழ மறுத்து அரசின் பொறுப்பைக் கேட்டனர். பார்வையற்றோர் சட்டம் அதே ஆண்டு நிறைவேறியது.

வேலையற்றோருக்கு அன்று எதிராக இருந்த பெரிய ஆயுதம் ஒரு விதி. உண்மையாகவே வேலை தேடுவதாக மெய்ப்பிக்கும் சுமையை அது தொழிலாளியின் தலையில் ஏற்றியது. வேலையே இல்லாத ஊர்களிலும் ஆலை வாயில்தோறும் நடந்து, நடந்ததற்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 1921 முதல் 1930 வரை ஏறத்தாழ 30 லட்சம் விண்ணப்பங்கள் இவ்விதியால் நிராகரிக்கப்பட்டன. நோயுற்றவர் நிலை இன்னும் கொடிது. வேலையின்மைத் தொகைக்கு வேலை செய்யும் உடல்திறன் வேண்டும். நோய்க்காலத் தொகைக்கு அத்திறன் இல்லாதிருக்க வேண்டும். இரண்டு அலுவலகங்களும் வெவ்வேறாக முடிவெடுத்தால், இடையில் நின்றவருக்கு எதுவும் கிடைக்காது.

மறுப்பை எதிர்த்து நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அதற்கு மேல் இறுதி நடுவர் இருந்தார். ஆனால் விதிகளை அறியாத தனிமனிதர் அந்த அறைக்குள் நுழைந்து எப்படி வெல்வார்? இயக்கம் இங்கேதான் தலையிட்டது. கிளைத் தோழர்கள் விதிகளையும் முந்தைய தீர்ப்புகளையும் கற்றுக்கொண்டு, பாதிக்கப்பட்டவரின் அருகில் நின்று வாதாடினர். ஒருவரின் வழக்கில் கிடைத்த தெளிவு அடுத்தவரின் வழக்குக்குப் பயன்பட்டது. 1930ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விதியை நீக்கியது.

1931இல் குடும்ப வருமானச் சோதனை வந்தது. அதை எதிர்த்துப் பத்து லட்சம் கையெழுத்துகள் கொண்ட மனுவோடு 1932இல் ஊர்வலம் லண்டனை அடைந்தது. காவல்துறை மனுவைக் கைப்பற்றியது. ஹானிங்டனுக்கு மூன்று மாதச் சிறை. அதற்கு முன்பும் அவர் பலமுறை சிறை கண்டவர். அவருடைய கட்சிச் சார்பைக் காட்டி, தொழிற்கட்சித் தலைமையும் தொழிற்சங்கத் தலைமையும் இயக்கத்தைத் தள்ளியே வைத்தன. ஆயினும் 1935 தொடக்கத்தில் புதிய உதவித்தொகை விகிதங்கள் குடும்பங்களின் வருவாயைக் குறைத்தபோது, தெற்கு வேல்ஸ் உள்ளிட்ட பகுதிகளில் மக்கள் பெருந்திரளாகத் தெருவில் இறங்கினர். அரசு அந்தக் குறைப்பை நிறுத்திவைக்க நேர்ந்தது. 1966இல் ஹானிங்டன் மறைந்தார்.

அவர் எதிர்த்த முறை வேறு உருவில் திரும்பியது. 2012இல் பிரித்தானிய அரசு தண்டனை நிறுத்தங்களைக் கடுமையாக்கி, வேலையற்றோர் தொகையை மூன்று ஆண்டுகள் வரையிலும் நிறுத்த வழி செய்தது. 2013இல் மற்றொரு தடை வந்தது. வேலைக்குத் தகுதியானவர் என்று முடிவு செய்யப்பட்ட மாற்றுத்திறனாளி, நேராகத் தீர்ப்பாயம் செல்ல முடியாமல் போனது. முதலில் அதே துறையிடம் மறுபரிசீலனை கேட்க வேண்டியிருந்தது. அந்தப் பதில் வரும்வரை மாற்றுத்திறனாளிகளுக்கான தொகை கிடைக்கவில்லை. பிழைக்க வேண்டுமானால், வேலை தேடத் தயார் என்று ஒப்பி வேலையற்றோர் தொகையைக் கேட்க வேண்டியிருந்தது. நோயால் அந்த நிபந்தனைகளில் தவறினால் அதுவும் தண்டனையாக நிறுத்தப்படும் நிலை இருந்தது. தம் உடல்நிலையை ஏற்கும்படி முறையிட்டவரையே, அந்த உடல்நிலையை மறுக்கும் நிபந்தனைக்குள் தள்ளியது இந்த ஏற்பாடு.

2010களின் பிற்பகுதியில் தீர்ப்பாயம் விசாரித்த இவ்வகை மேல்முறையீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை மனுதாரருக்குச் சாதகமாகவே முடிந்தன. அப்படியானால், அந்த வாசலை எட்டும் முன்பே பசியால் பின்வாங்கியவர்கள் இழந்தது எவ்வளவு என்று நாம் கேட்க வேண்டும். முறையீட்டுக் காலத்தில் தொகை பெறத் தகுதியுள்ளவர்களை மறுபரிசீலனையில் காக்க வைப்பது, நீதிமன்றத்தை அணுகும் உரிமைக்கு முரணானது என்று 2020 ஜூலையில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்றுத்திறனாளி ஒருவர் தொடுத்த வழக்கு அது.

மேல்முறையீட்டு உரிமை சட்டப் புத்தகத்தில் இருப்பதால் மட்டும் உயிர் பெறுவதில்லை. தீர்ப்பு வரும்வரை உண்ண உணவும், விசாரணை அறையில் உடன் நிற்க ஓர் ஆளும் வேண்டும். ஹானிங்டனின் தோழர்கள் இரண்டுக்காகவும் போராடினார்கள். விதிகளைக் கற்ற ஒரு மாணவர், மறுப்புக் கடிதத்தோடு தனியே நிற்கும் ஒருவரின் அருகில் சென்று அமரும்போது அந்த வேலை தொடர்கிறது.