வசைச்சொல்லைப் பத்திரிகைத் தலைப்பாக்கியவர்

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர், திவான் பகதூர் பட்டம் பெற்றவர் என்ற அளவில் நம் மாவட்டத்தில் அவரைப் பலருக்கும் தெரியும். ஜூலை 7 வந்தால் கிண்டி மணிமண்டபத்தில் மாலை விழும். ஒரு சொல்லோடு அவர் நடத்திய மல்லுக்கட்டு மட்டும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கோவையில் அவர் படித்த இடத்தில் ஏறத்தாழ 400 மாணவர்கள். பத்துப் பேர் நீங்கலாக எல்லோரும் பிராமணர்கள். சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சி அவர் யாரோடும் சேர்ந்து விளையாடியதில்லை. ஊர் எது, உறவு யார் என்று பேச்சு வளர்ந்தால் என்ன பதில் சொல்வது? பள்ளி மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் வந்து சேர்ந்துகொள்ளாதபடி விறுவிறுவென்று வீட்டுக்கு நடப்பார். அவரை யாரும் வாய்விட்டுத் திட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. வசைச்சொல் செய்யும் வேலையை அந்தப் பயமே செய்துவிட்டது.

நீலகிரியில் வெள்ளையர் நிறுவனங்களில் கணக்கராக வேலை பார்த்துவிட்டு 1890-இல் சென்னை வந்தார். 1893 அக்டோபரில் ஒரு மாத இதழ் தொடங்கினார். நான்கே பக்கம். பெயர் ‘பறையன்’.

அந்தப் பெயர் அன்றைக்கு என்ன நிலையில் இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். இங்கே சண்டையில் வீசும் வசை. ஆங்கிலத்துக்குப் போய் ‘பரையா’ என்று ஆகி, ஒதுக்கித் தள்ளப்பட்டவன் என்று அகராதியில் பொருள் பெற்றுவிட்டது. தெருநாய்க்கும் வெள்ளைக்காரர்கள் அதே பெயரை வைத்தார்கள். இன்றைக்கும் உலக நாடுகள் புறக்கணிக்கும் தேசத்தைச் சுட்ட ஆங்கில ஏடுகள் கூசாமல் அந்தச் சொல்லை எழுதுகின்றன. ஒரு மக்கள்திரளின் பெயர் அது என்பது எழுதுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

தன்னை இன்னார் என்று முன்வந்து சொல்லிக்கொள்ளாதவன் உரிமை கேட்க முடியாது என்பது சீனிவாசனின் வாதம். பெயரை மறைத்தால் அச்சமும் கூடவே தங்கிவிடும் என்று கருதினார். கல்லூரி நாட்களில் பட்டவர் சொல்வது இது. சென்னையில் இரண்டே நாளில் ஏறக்குறைய 400 பிரதிகள் விற்றுத் தீர்ந்தன. மூன்று மாதத்தில் வார இதழாயிற்று. 1900 வரை வந்தது.

எதிர்ப்பு வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவருடைய சகோதரியை மணந்த அயோத்திதாசப் பண்டிதர், அது பகைவர் சுமத்திய இழிபெயர், நாம் பூர்வத் தமிழர் என்று கடைசிவரை வாதாடினார். எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, 1922-இல் அரசு ஆவணங்களில் ஆதிதிராவிடர் என்ற பெயர் ஏறியது. தன் பெயரைத் தானே தேர்ந்துகொள்வது ஒரு மக்களின் உரிமை. அதைச் சிறிதென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் வரலாறு சீனிவாசன் பக்கம் கொஞ்சம் சாய்வதாகவே எனக்குப் படுகிறது. பஞ்சமர் என்றார்கள், அதுவும் வசையாயிற்று. காந்தி அரிஜன் என்றார், அதையும் வசையாக்கினார்கள். குடியிருப்பைக் குறித்த ‘காலனி’ என்ற சொல்கூட வசையாக மாறி, அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று 2025-இல் முதலமைச்சர் அறிவிக்க வேண்டியதாயிற்று.

இதழ் நின்ற பிறகு சீனிவாசன் கடல் கடந்து ஆப்பிரிக்கா போனார். நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தார். அந்த நாட்டில் வெள்ளையர் வாயில் நம்மவர்கள் எல்லோருமே ‘கூலி’, ‘சாமி’. இரண்டும் தமிழர் வாயிலிருந்து போன சொற்கள்தான். வழக்கறிஞராக இருந்த காந்தியே அங்கே கூலி பாரிஸ்டர். சேரிக்காரனைப் பெயர் சொல்லி இழித்த சாதிக்காரனும் கப்பலை விட்டு இறங்கியதும் அதே வசையைக் காதில் வாங்க வேண்டியிருந்தது. வாங்கியவர்கள் ஊர் திரும்பியபின் என்ன மாறினார்கள் என்று கேட்காதீர்கள்.

ஊர் திரும்பிச் சட்டமன்ற உறுப்பினரான சீனிவாசன், பொதுச் சாலை, கிணறு, குளம் எதையும் எந்த வகுப்பாரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924-இல் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1930-இலும் 1931-இலும் அம்பேத்கரோடு லண்டனில் அமர்ந்தார். கோவை நாட்களின் அச்சத்தை அவர் அச்சில் ஏற்றியது 1939-இல் வந்த தன் வாழ்க்கைச் சுருக்கத்தில். 1945 செப்டம்பர் 18-இல் காலமானார்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. பொது இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதை 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் தனிக் குற்றமாகவே எழுதியது. என்ன சொல்லித் திட்டினார்கள் என்பது புகாரில் இல்லாவிட்டால் வழக்கு நிற்பது கடினம். புகார் எழுத உதவும்போது பார்த்திருக்கிறேன்: அந்த இடம் வந்ததும் பலரும் பேனாவை நிறுத்திவிடுவார்கள். நீங்களே எழுதிவிடுங்கள் தோழர் என்று தாளை என் பக்கம் நகர்த்துவார்கள்.